பரிந்து பேச ஓர் ஆள்

கொச்சி மட்டாஞ்சேரியில் தெருமுனையில் நிற்கும் சின்னக் கோயிலுக்குக் கப்பேள என்று பெயர். போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். தூத்துக்குடிப் பக்கம் நாங்கள் குருசடி என்போம். நான் ஒதுங்கிய கப்பேள ஆள் உயரம்தான் இருக்கும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோனியார். கழுத்தில் நேற்றைய முல்லைச் சரம். கீழே மணல் நிரப்பிய தகரத் தட்டில் எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்திகளின் அடிக்கட்டைகள். செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் கிழமை. மலையாளக் கர்க்கடக மாதத்து மழை விடாமல் பெய்தது.

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காற்றுக்கு உள்ளங்கையை மறைப்பாக வைத்து, மூன்றாவது தீக்குச்சியில் மெழுகுவர்த்தியை ஏற்றினார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். தமிழ். அதுவும் திருநெல்வேலித் தமிழ்.

"அந்தோனியாரே, அடுத்த வீட்டு இத்தாவுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். சின்னப் பிள்ளைகள வச்சிருக்கா. உங்க கையில இருக்காருல்ல, அவர்ட்ட கொஞ்சம் சொல்லுங்க."

இத்தா என்றால் இந்த ஊரில் முஸ்லிம் அக்கா. சொல்லும்போது சொரூபத்தின் கையிலிருந்த குழந்தையை மோவாயால் சுட்டிக் காட்டினார்.

புனிதர்களிடம் மக்கள் ஏன் வேண்டுகிறார்கள், கொச்சியைச் சுற்றிப் பார்த்து எழுதுங்கள் என்று ஆசிரியர் குழு என்னை அனுப்பியிருந்தது. கொடியேற்றம், தேர், நேர்ச்சை, கூட்டம் என்று வண்ணப் படங்களோடு ஒரு கட்டுரையை மனதில் போட்டுக்கொண்டுதான் ரயில் ஏறினேன். அந்தப் பெண் சொன்ன ஒரு வாக்கியம் அந்தத் திட்டத்தைக் கலைத்துவிட்டது. அவர் அந்தோனியாரிடம் எதையும் தரச் சொல்லவில்லை. 'அவரிடம் சொல்லுங்கள்' என்றார். இறையியல் கல்லூரியில் வருடக்கணக்காகப் படிப்பதை அவர் மோவாயாலேயே காட்டிவிட்டுப் போனார்.

என் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு வருடமாக ஞாபகம் நழுவுகிறது. என்னைத் தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்கிறார். ஆனால் சாயங்காலம் செபமாலை முடிந்து, பெயர் பெயராகச் சொல்லி வேண்டும் பிரார்த்தனை தொடங்கினால், ஒவ்வொரு பெயருக்கும் அவருடைய பதில் சரியாக வந்து விழுகிறது. கடவுளைக் கூப்பிடும் வரிகளுக்கு 'இரங்கும்' என்பார். மாதாவின் பெயரும் புனிதர்களின் பெயர்களும் தொடங்கியதும் 'வேண்டிக்கொள்ளும்' என்று மாறிவிடுவார். அந்த வினை மாறும் இடத்தில் அம்மா ஒருநாளும் தவறி நான் கேட்டதில்லை. பெற்ற பிள்ளையின் பெயர் போய்விட்டது. இது போகவில்லை.

கத்தோலிக்க விசுவாசம் இந்த விஷயத்தில் சொல்வதெல்லாம் அந்த இரண்டு வினைச்சொற்களுக்குள் இருக்கிறது. இரங்குகிறவர் கடவுள் ஒருவரே. ஆராதனை அவருக்கு மட்டும். புனிதர்களுக்கு வணக்கம், மாதாவுக்கு அதைவிட மேலான வணக்கம், அப்போதும் வணக்கம்தான். 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம், சொரூபத்துக்குச் செய்யும் மரியாதை அந்தச் சொரூபத்துக்கு உரியவரைப் போய்ச் சேர்கிறது என்று இதைத் தெளிவாக்கியது. புனிதர் நம்மோடு சேர்ந்து வேண்டுகிறவர். நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்ட உறவுக்காரர். சாவு அந்த உறவை அறுப்பதில்லை என்பதுதான் நம்பிக்கை.

இதற்குத் தமிழில் நம் முன்னோர் வைத்த சொற்களைப் பாருங்கள். மன்றாட்டு என்றார்கள். மன்று என்றால் அவை. ஒருவருக்காக அவையில் நின்று வாதாடுவது மன்றாடுவது. பரிந்துரை என்றார்கள். பரிந்து உரைப்பது, அதாவது பரிவோடு ஒருவருக்காகப் பேசுவது. இன்றைக்கு அலுவலகத்தில் பரிந்துரை என்றால் என்ன அர்த்தம்? சிபாரிசு. பெரிய இடத்துக் கடிதம். ஆள் தெரிந்தால் காரியம் நடக்கும், தெரியாவிட்டால் ஃபைல் தூங்கும். பரிவு அந்தச் சொல்லை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது. அதே சிபாரிசுப் புத்தியோடுதான் நாம் இன்று கோயில் படியும் ஏறுகிறோமோ என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த உறுத்தல்தான் என்றாலும் தவறில்லை.

1544-ஆம் ஆண்டு ஜனவரி 15. கொச்சியில் உட்கார்ந்து பிரான்சிஸ் சவேரியார் உரோமையிலிருந்த தம் தோழர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார். முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்களில் ஓராண்டுக்கு மேல் அலைந்துவிட்டு, மறுபடி அங்கேயே போகிற வழியில் இருந்தார். அந்தக் கடிதம் கொச்சியில் எழுதப்பட்டதே தவிர, அதில் நிறைந்திருப்பது நம் கரை. கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியது, இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தது, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்தது எல்லாம் அதில் உண்டு. வீட்டுக்கு வீடு நோயாளிகள். எல்லாரும் அவரைக் கூப்பிடுகிறார்கள். ஒரு ஆளால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் போய் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாச அறிக்கையைச் சேர்ந்து சொல்லவைத்து, நோயாளிக்காக வேண்டினார்கள்.

கடிதத்தின் முடிவுக்கு வரும்போதுதான் எனக்குக் கண் கலங்கியது. தம் கையால் ஞானஸ்நானம் பெற்று, பாவம் இன்னதென்று அறியும் முன்பே இறந்துபோன குழந்தைகளைத் தமக்காகப் பரிந்து பேசுகிறவர்களாகச் சவேரியார் தேர்ந்துகொள்கிறார். ஆயிரத்துக்கு மேல் இருப்பார்கள் என்று கணக்கும் சொல்கிறார். அவர்களிடம் அவர் கேட்டது உடல் சுகம் இல்லை, பயணப் பாதுகாப்பு இல்லை. கடவுளின் விருப்பம் இன்னதென்று உணரவும் அதன்படி நடக்கவும் வரம் பெற்றுத்தரும்படி கேட்டார்.

ஆயிரம் குழந்தைகள். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் போன மணப்பாட்டு, புன்னைக்காயல், தூத்துக்குடிக் குழந்தைகளாக இருக்கும். எதன் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. எதற்கும் பீடம் இல்லை, தேர் இல்லை. பின்னாளில் உலகமே யாரிடம் மன்றாடியதோ அவர், அந்தக் குழந்தைகளிடம் மன்றாடியிருக்கிறார். டிசம்பர் 3 அன்று கோட்டாற்றுத் தேர் பார்க்க லட்சம் பேர் திரள்கிறோம். அந்தத் தேரில் வருகிறவர் யாரிடம் கை கூப்பினார் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஐம்பது வயதுக்கு மேல் நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பாட்டிக்கு ஆறு பிள்ளைகள், அதில் இரண்டு தொட்டிலிலேயே போனவை. 'மேல இருந்து நமக்காகச் சொல்லுங்க' என்று பாட்டி அந்த இரண்டையும் தினமும் கூப்பிடுவார். சின்ன வயதில் அதைக் கிழவியின் ஏக்கம் என்றுதான் நினைத்தேன்.

கொச்சிக்கும் தமிழுக்கும் இன்னொரு கணக்கு இருக்கிறது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது நமக்குத் தெரிந்த கதை. அடுத்த ஆண்டே, 1579-இல், 'கிரீசித்தியானி வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகம் கொச்சியில் அச்சேறியது. இரண்டுக்கும் பின்னால் நின்றவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்ரிக்கே என்ரிக்கஸ். அவரே 1586-இல் புனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தமிழில் அறுநூறு பக்கத்துக்கு மேல் அச்சிட்டார். 'அடியார் வரலாறு' என்று இப்போது குறிப்பிடப்படும் புத்தகம் அது. யோசித்துப் பாருங்கள். தமிழுக்கு அச்சு வந்து எட்டே வருடத்தில், மீன்பிடிக் கிராமங்களில் உரக்கப் படித்துக் காட்ட அத்தனை பெரிய புத்தகம் தேவை என்று ஒருவர் நினைத்திருக்கிறார். வேண்டுவதற்கு முன்னால் அவர் யார், எப்படி வாழ்ந்தார், எதற்காகச் செத்தார் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதானே அதன் பொருள்?

இன்று நம் வீடுகளில் இருப்பது காலண்டர். அதில் தேதிக்குக் கீழே புனிதரின் பெயராக ஒரு வரி.

அந்த ஒரு வரியும் சுருங்கி இப்போது இலாகா ஆகிவிட்டது. காணாமல் போனதற்கு அந்தோனியார், கண்ணுக்கு லூசியா, தொண்டைக்குப் பிளாசியார், கொள்ளைநோய்க்குச் செபஸ்தியார், முடியவே முடியாத காரியத்துக்கு யூதா ததேயு. இது ஒன்றும் தப்பில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருந்தது. அந்தோனியாரின் சங்கீதப் புத்தகத்தை மடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட, அந்தோனியார் செபித்ததும் அது திரும்பி வந்தது என்பது மரபு. புத்தகம் கையால் எழுதப்பட்ட காலம். பக்க ஓரங்களில் அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள் போனால் போனதுதான். ஆளும் மனம் திருந்தி மடத்துக்கே வந்து சேர்ந்தார் என்று கதை முடியும். தொலைந்த சாவிக்காக அந்தோனியாரைக் கூப்பிடும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் திரும்பி வந்த ஆளைத் தெரியும்? சாவி நினைவில் நிற்கிறது. ஆள் தொலைந்துவிட்டார்.

சென்ற வருடம் என் தங்கை மகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இரவு ஒரு மணிக்குத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒரு புனிதரின் படம். கீழே, இதைப் பதின்மூன்று பேருக்கு அனுப்பினால் விடிவதற்குள் அற்புதம், அனுப்பாமல் அலட்சியம் செய்த ஒருவர் குடும்பத்தில் இன்னது நடந்தது என்று எழுதியிருந்தது. தங்கை காரிடாரில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தேடி அனுப்பினாள். பன்னிரண்டு போயிற்று. பதின்மூன்றாவது போகவில்லை, சிக்னல் இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடினாள். 'அண்ணே, போகமாட்டேங்குது, போகமாட்டேங்குது' என்று அவள் அழுததை என்னால் மறக்க முடியவில்லை. குழந்தை பிழைத்துவிட்டாள். ஆனால் அந்த இரவில் தங்கை யாருக்குப் பயந்தாள்? நமக்காகப் பரிந்து பேசும் ஒருவருக்கா? கணக்கு ஒன்று குறைந்தால் பிள்ளையைப் பறித்துக்கொள்ளும் ஒருவரை யார் அவள் மனதில் உட்காரவைத்தது?

திரெந்து சங்கம் 1563 டிசம்பரில், தன் கடைசி அமர்வில், புனிதர்களிடம் வேண்டுவது நல்லது, பயனுள்ளது என்று அறிவித்தது எல்லா மறைக்கல்வி வகுப்பிலும் வரும். அதே ஆணையில் மூடநம்பிக்கையை ஒழியுங்கள், இழிந்த பண லாபத்தை விலக்குங்கள், திருவிழாவைக் குடியும் கும்மாளமும் ஆக்காதீர்கள் என்றும் இருக்கிறது. இது வகுப்பில் வருவதில்லை. நானூற்று அறுபது வருடத்துக்கு முன்பே இந்த நோய் தெரிந்துதான் மருந்து எழுதியிருக்கிறார்கள். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதையே மென்மையாகச் சொன்னது: உண்மையான புனிதர் வணக்கம் வெளிச்செயல்களின் எண்ணிக்கையைவிட, செயலில் காட்டும் அன்பின் ஆழத்தில்தான் இருக்கிறது என்று. ஃப்ளெக்ஸ் பேனரில் 'கேட்ட வரம் தருபவர்' என்று பெரிதாக எழுதுகிறோம். 'நமக்காகக் கேட்பவர்' என்று எழுதிய ஒரு பேனரை நான் இதுவரை பார்த்ததில்லை.

வெறும் சுவர்

மட்டாஞ்சேரியிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் ஃபோர்ட் கொச்சி பிரான்சிஸ் ஆலயம். வாஸ்கோ ட காமாவை 1524-இல் அடக்கம் செய்த இடம் என்று சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். உடல் பிறகு போர்ச்சுகலுக்குப் போய்விட்டது, கல் மட்டும் இருக்கிறது. 1516-இல் கல் கட்டடமாக எழுந்தபோது இது அந்தோனியார் கோயில். 1663-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையினர். சொரூபம், பீடம், படம் எல்லாவற்றையும் அகற்றித் தங்கள் ஆலயமாக்கிக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த சாந்தா குரூஸ் பேராலயம் ஆயுதக் கிடங்கானது. 1795-இல் வந்த ஆங்கிலேயர் அதை இடித்தார்கள். இப்போதிருக்கும் பசிலிக்கா 1905-இல் அர்ச்சிக்கப்பட்டது. பிரான்சிஸ் ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது.

உள்ளே போய் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். உயரமான வெள்ளைச் சுவர், மேலிருந்து தொங்கும் துணி விசிறிகள், ஒரு பக்கச் சுவரில் போர்ச்சுகீசியக் கல்லறைக் கற்கள், எதிர்ப்பக்கம் டச்சுக் கற்கள். அமைதியான இடம். கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே மத்தியஸ்தர் கிறிஸ்து ஒருவரே, வேறு யாரும் எதற்கு என்பது அந்தச் சுவரின் வாதம். பவுலடிகளார் திமொத்தேயுவுக்கு எழுதியதை வைத்து அவர்கள் சொல்வதில் பக்தி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே அதிகாரம், எல்லாருக்காகவும் மன்றாடுங்கள் என்றுதான் தொடங்குகிறது. உயிரோடிருக்கும் தங்கையிடம் எனக்காக வேண்டிக்கொள் என்று சொன்னால் கிறிஸ்துவின் இடம் குறைந்துவிடாது. கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிட்ட பாட்டியிடம் சொன்னால் மட்டும் குறைந்துவிடுமா? வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியது வேறு. சொரூபத்தை வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்தலாம். ஊர் மக்களின் வாயிலிருக்கும் வினைச்சொல்லை டச்சுக்காரர்களால் எடுக்க முடியவில்லை. இப்போது அதை நாமே கைநழுவ விடுகிறோம்.

 

கொச்சி மங்காட்டுமுக்கில் ஒரு மதில் சுவரை ஒட்டிச் சின்ன மாடம் இருக்கிறது. காப்பிரி முத்தப்பன் என்கிறார்கள். டச்சுக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் போர்ச்சுகீசியர் தங்கள் செல்வத்தைப் புதைத்து, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளைக் கொன்று கூடவே காவலுக்குப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்பது இந்த ஊர் வழிவழியாகச் சொல்லும் கதை. அந்த ஆவிதான் முத்தப்பன். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், சுருட்டும் கள்ளும் புட்டும் மீனும் வைக்கிறார்கள். எல்லா மதத்தாரும் வருகிறார்கள். திருச்சபை ஏற்ற புனிதர் இல்லை, ஏற்கச் சொல்லி நான் வாதாடவும் இல்லை. ஆனால் அந்தக் கறுத்த சுவரின் முன்னால் நின்றபோது எனக்குச் சவேரியாரின் ஆயிரம் குழந்தைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். இந்த அடிமைகளுக்கும் பெயர் இல்லை. தாய் வைத்த பெயர் கப்பலிலேயே போயிருக்கும். முந்நூற்று அறுபது வருடமாக ஒரு ஊர் தனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்த கொடுமையை மறக்காமல், கொல்லப்பட்டவரைத் தாத்தா என்று கூப்பிட்டுச் சோறு வைக்கிறது. ஆனால் அவருக்காக யாராவது வேண்டுகிறார்களா? இங்கே ஒரு கத்தோலிக்கன் செய்யக்கூடியது அதுதான் என்று பட்டது. அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு வந்தேன்.

கொச்சி வழியாக ஒரு தமிழ்ப் புனிதர்

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டர், திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர். குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டு மார்த்தாண்டவர்மரின் படைத்தளபதியான டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். குற்றம் சாட்டி, எருக்க மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி ஊர்ஊராக இழுத்துப்போனார்கள். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம்.

அந்தப் பகுதி அப்போது கொச்சி மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. கொச்சி நகரமோ டச்சுக்காரர் கையில். தன் பேராலயத்தில் கால் வைக்க முடியாத கொச்சி ஆயர்தான் இந்த மரணத்தைப் பற்றி 1756-இல் உரோமைக்கு எழுதினார். கிடங்காகிவிட்ட பேராலயத்தின் ஆயர், சாட்சியாக இறந்த ஒரு சாதாரண மனிதருக்காகப் பரிந்து எழுதிய கடிதம் என்று அதை நான் நினைத்துக்கொள்கிறேன். 2012 டிசம்பர் 2-இல் அருளாளர், 2022 மே 15-இல் புனிதர். இருநூற்று எழுபது வருடம். அதற்குள் எத்தனை தலைமுறை காற்றாடிமலை ஏறி இறங்கியிருக்கும்!

புனிதர் பட்டத்துக்கு அற்புதம் தேவை என்றவுடன், அவர் அற்புதம் செய்தார் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. நானும் அப்படித்தான் எழுதினேன். அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன். செய்தவர் கடவுள். வயிற்றில் அசைவற்றுப்போன தன் பிள்ளைக்காக ஒரு தாய் தேவசகாயத்தைக் கூப்பிட, அவர் அந்தத் தாயோடு சேர்ந்து கேட்டார் என்றுதான் திருச்சபை நம்பி ஏற்றுக்கொண்டது. பட்டம் கொடுத்தபோது பெயரிலிருந்து சாதிப் பின்னொட்டை எடுத்துவிட்டார்கள். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகியதும் அவர் மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. அவர் பெயரில் நவநாள் நடக்கும் ஊர்களில் அந்தக் கதையைச் சொல்கிறோமா, வரத்தை மட்டும் கேட்டுவிட்டு வருகிறோமா?

வரம் கேட்டதோடு நிற்காத இடங்களும் கொச்சிப் பக்கம் உண்டு. வல்லார்பாடத்தில் மாதா கோயில் முற்றத்தை விளக்குமாற்றால் கூட்டுவது ஒரு நேர்ச்சை. நான் போன அன்று பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் மழை ஈரத்தில் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். அதே 1752-இல் புயலில் தோணி கவிழ்ந்து, மீனாட்சியம்மா என்ற இந்துப் பெண்ணும் அவர் மகனும் மூன்றாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டதாக இங்கே மரபு. மாதா படத்தின் காலடியில் அந்தத் தாயையும் பிள்ளையையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். பிழைத்தவர் அதன்பின் மாதாவின் அடிமையாகவே இந்தக் கோயிலில் இருந்தாராம். வாங்கிக்கொண்டு போய்விடவில்லை, அங்கேயே தங்கிவிட்டார்.

தெற்கே கடலோரம் கண்ணமாலியில் மார்ச் 19, சூசையப்பர் திருநாளில் சத்யா போடுகிறார்கள். எங்கள் பக்கம் அசனம் என்போம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோய் வந்தபோது மக்கள் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்து சூசையப்பர் முன் வைத்துச் சமைத்து எல்லாருக்கும் பரிமாறியதில் தொடங்கிய வழக்கம். மதம், சாதி பார்க்காமல் பந்தி. வருடா வருடம் கடல் அரித்துக்கொண்டு போகும் கரை அது. அடுத்த மழைக்கு வீடு நிற்குமா என்று தெரியாதவர்கள் அடுத்தவருக்கு இலை போடுகிறார்கள். தனக்கு ஒன்று வேண்டும் என்று தொடங்கிய நேர்ச்சை ஊருக்குச் சோறாக முடிகிறது. இதைக் கேட்டுவிட்டுப் பதின்மூன்று பேருக்கு ஃபார்வர்டு செய்யச் சொன்ன அந்தப் படத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஊர் திரும்பும் முன் மறுபடி அந்தக் கப்பேளப் பக்கம் போனேன். வியாழக்கிழமை சாயங்காலம். மழை விட்டிருந்தது. பஜார் ரோட்டுக் கிடங்குகளிலிருந்து சுக்கு நெடி வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் பையில் காய்கறியோடு வந்தார். கணவர் அந்தக் கிடங்கு ஒன்றில்தான் மூட்டை தூக்குகிறாராம். இருபது வருடமாக இந்த ஊர். சொந்த ஊர் புளியம்பட்டிக்குப் பக்கம். அந்தோனியார் கோயில் மணி கேட்கிற தூரத்தில் பிறந்தவர்.

"இத்தாவுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"நேத்து முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. இன்னைக்குக் கஞ்சி குடுத்திருக்காவ. பிள்ளைக ரெண்டும் எங்க வீட்டுலதான் கெடக்கு, அதான் காய் கூட வாங்கிட்டுப் போறேன்." சொல்லிக்கொண்டே மெழுகுவர்த்தியை எடுத்தார். "நன்றி சொல்லணும்லா. அண்ணாச்சி எந்த ஊரு? உங்களுக்கு என்ன காரியம்?"

தூத்துக்குடி என்றேன். எழுத வந்தேன் என்றேன். பிறகு என்ன நினைத்தேனோ, அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஞாபகம் போவதையும், என்னை மாமா பெயரில் கூப்பிடுவதையும்.

அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்தார்.

"அம்மா பேரு என்ன?"

சொன்னேன். அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி, அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக் கை கூப்பினார்.